கொலைகாரனைக் கண்டுபிடித்த பிறகு என்ன? ஃபாதர் பிரவுன் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பங்குக் கோயிலில் மாதம் ஒரு ஞாயிறு, மாலைப் பூசை முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கதை வாசிக்கிறோம். போன வருடம் முழுக்கச் செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன் கதைகள்தான். மாதாமாதம் யாராவது புதிதாக வருவார். போன மாதம் வந்தவர் கேட்டதையே அவரும் கேட்பார். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்திருக்கிறேன். நான் குருவானவர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. கொலைக்கதைப் பைத்தியம், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலை செய்தது யார் என்பதைக் கீழே பல இடங்களில் போட்டு உடைத்திருக்கிறேன். அது பிடிக்காதவர்கள் கதைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஃபாதர் பிரவுன் நிஜமாவே இருந்த சாமியாரா?

கற்பனைப் பாத்திரம். ஜி. கே. செஸ்டர்டன் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் 1910இல் தொடங்கி 1936இல் இறக்கும் வரை இவரை வைத்து ஐம்பது சொச்சம் சிறுகதைகள் எழுதினார். குள்ளமான, உருண்டை முகமுள்ள கத்தோலிக்கக் குருவானவர். கையில் ஒரு பெரிய குடை. அதையும் அடிக்கடி கீழே போட்டுவிடுவார். பார்த்தால் 'இவரா துப்புத் துலக்கப் போகிறார்' என்றுதான் தோன்றும்.

ஆனால் முன்மாதிரி ஒருவர் உண்டு. யார்க்‌ஷயரில் பணியாற்றிய ஜான் ஓ'கானர் என்ற குரு, செஸ்டர்டனின் நண்பர். வேடிக்கை என்னவென்றால், கதைகளை எழுதத் தொடங்கியபோது செஸ்டர்டன் கத்தோலிக்கரே இல்லை. 1922இல்தான் சேர்ந்தார். அவரைத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டவரும் இதே ஓ'கானர்தான். எதிலிருந்து படிக்கலாம் என்றால், 1911இல் வந்த முதல் தொகுப்பிலிருந்து. அதிலுள்ள பன்னிரண்டு கதைகளைப் படித்தாலே இந்தப் பக்கத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

கோயிலுக்குப் போற பிள்ளைங்க கொலைக்கதை படிக்கலாமா? மனசு கெட்டுப்போகாதா?

பைபிளைத் திறந்து நாலாவது அதிகாரத்துக்குள் ஒரு கொலை நடந்துவிடுகிறது. அண்ணன் தம்பியை வயல்வெளிக்குக் கூட்டிப்போய்க் கொல்கிறான். அப்புறம் தாவீது உரியாவைப் போர்முனைக்கு அனுப்பித் தீர்த்துக்கட்டுவது, ஒரு திராட்சைத் தோட்டத்துக்காக யேசபேல் பொய்ச்சாட்சி வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்ல வைப்பது என்று ஒன்றும் மறைக்கப்படவில்லை. இதையெல்லாம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

கதையில் கொலை வருவதைவிட, அந்தக் கொலை என்னவாகக் காட்டப்படுகிறது என்றுதான் நான் பார்ப்பேன். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்குகிற பாக்கெட் நாவல்களை நானும் கட்டுக் கட்டாகப் படித்தவன்தான். அவற்றில் பலவற்றில் செத்தவர் முதல் அத்தியாயத்தோடு மறந்துபோவார். பிணம் என்பது புதிர் தொடங்குவதற்கு ஒரு சாக்கு. அந்த மரத்துப்போதல்தான் எனக்கு உறுத்தும்.

பைபிளிலேயே துப்பறியும் கதை இருக்குன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். தானியேல் நூலின் இணைப்பாக வரும் சூசன்னா கதை. இரண்டு முதியவர்கள், அதுவும் நீதிபதிகள், தங்கள் ஆசைக்கு இணங்காத பெண்மேல் விபசாரப் பழி போடுகிறார்கள். ஊர் அவளுக்கு மரண தண்டனை விதித்துவிடுகிறது. இளைஞன் தானியேல் குறுக்கிட்டு, இரண்டு சாட்சிகளையும் பிரித்து நிறுத்தி, 'எந்த மரத்தடியில் பார்த்தாய்?' என்று தனித்தனியாகக் கேட்கிறான். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். இன்றைக்கும் குறுக்கு விசாரணையில் இதைத்தானே செய்கிறார்கள்!

அடுத்து வரும் பேல் தெய்வத்தின் கதையில், படையலைச் சாப்பிடுவது சிலையா பூசாரிகளா என்று கண்டுபிடிக்கத் தானியேல் தரையில் சாம்பலைத் தூவி வைக்கிறான். காலையில் காலடித் தடம். துப்பறியும் எழுத்தாளரும் ஆங்கிலிக்கக் கிறிஸ்தவருமான டொரத்தி சேயர்ஸ் 1928இல் தொகுத்த பெரிய துப்பறியும் கதைத் தொகுதியில் இந்த இரண்டையும் சேர்த்திருந்தார். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) நண்பர்கள் தங்கள் பைபிளில் தேடிவிட்டு 'இல்லையே' என்பார்கள். கத்தோலிக்கப் பைபிளில்தான் தானியேல் நூலோடு சேர்ந்து இருக்கும்.

ஒரு சாமியாருக்குக் கொலைகாரன் மனசு எப்படித் தெரியும்?

ஓ'கானரோடு நடந்து போகும்போது, உலகத்தின் இருட்டுப் பக்கங்களைப் பற்றி அவர் சொன்ன விவரங்களைக் கேட்டுச் செஸ்டர்டன் ஆடிப்போயிருக்கிறார். பிறகு ஒரு வீட்டில் இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஓ'கானருடன் இசையும் கலையும் பேசினார்கள். அவர் அறையை விட்டுப் போனதும், 'பாவம், நாலு சுவருக்குள் இருக்கிறவருக்கு உலகத்தின் தீமை என்ன தெரியும்' என்றார்களாம். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபாதர் பிரவுன் பிறந்தது அங்கேதான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து ஊரின் பாவத்தையெல்லாம் கேட்கிறவர் அப்பாவியாக இருக்க முடியுமா?

இது பாதிப் பதில். மீதி, 1927இல் வந்த நான்காம் தொகுப்பில் ஃபாதர் பிரவுனே சொல்வது. அந்தக் கொலைகளையெல்லாம் செய்தது நான்தான் என்கிறார். கொலைகாரனை வெளியே நின்று பூச்சியைப் பார்ப்பதுபோல் ஆராயாமல், அவனுக்குள் போய், அவன் ஆத்திரத்தைத் தன் ஆத்திரமாக்கி, 'இந்த நிலையில் நானும் கத்தியை எடுத்திருப்பேன்' என்ற இடம் வரை போவாராம். அதை ஒரு தியானம் போலச் செய்கிறார். தன்னால் ஒருநாளும் முடியாது என்று நினைக்கிறவனுக்கு இந்த வித்தை வராது. பின்னால் வரும் பதில்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

பேய், மாயம், அற்புதம் எல்லாம் வருமா?

வருவதுபோல் வரும், கடைசியில் ஒன்றும் இருக்காது. 'இது சாபம், இது பிசாசின் வேலை' என்று அலறுகிறவர்கள் எப்போதும் மற்றவர்கள்தான். நம்பாமல் நிற்கிற ஒரே ஆள் குருவானவர். இன்னொரு கத்தோலிக்கக் குரு, ரொனால்ட் நாக்ஸ், 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்யம் கூடாது, துப்பறிகிறவரே கொலைகாரனாக இருக்கக் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றெல்லாம் போகும். பாதி கிண்டல்தான். ஆனாலும் வாசகரை ஏமாற்றக் கூடாது என்பதில் நாக்ஸ் உறுதியாக இருந்தார். இவர் பிற்பாடு பைபிளையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்.

கொலைகாரனைக் கண்டுபிடிச்சும் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்க மாட்டேங்கிறாரே, இது என்ன நியாயம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கோபத்தோடு கேட்கப்படுவதும். சம்மந்தப்பட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமத்தில் இரண்டு சகோதரர்கள். மூத்தவன் நார்மன் போஹன், குடிகாரன், பெண்பித்தன், ஊர்க் கொல்லனின் மனைவி பின்னால் சுற்றுகிறவன். இளையவன் வில்ஃபிரட், அந்த ஊர்க் கோயிலிலேயே ஆங்கிலிக்கக் குரு, ஜெபம் ஜெபம் என்று கிடப்பவன். ஒரு காலையில் மூத்தவன் கொல்லன் பட்டறை வாசலில் மண்டை நொறுங்கிச் செத்துக் கிடக்கிறான். ஆயுதம் ஒரு சின்னச் சுத்தியல். அவ்வளவு சின்னச் சுத்தியலால் அப்படி அடிக்க எந்த மனிதனாலும் முடியாது, இது கடவுளின் அடி என்கிறது ஊர்.

ஃபாதர் பிரவுன் வில்ஃபிரடைக் கோபுர உச்சிக்குக் கூட்டிப்போகிறார். அங்கிருந்து பார்த்தால் கீழே மனிதர்கள் பூச்சிகளாகத் தெரிகிறார்கள். உயரத்தில் நின்று ஜெபித்துப் பழகியவனுக்குத் தானே நீதிபதி என்ற நினைப்பு வந்துவிட்டது. அண்ணனின் பச்சைத் தொப்பி ஒரு பச்சைப் பூச்சியாகத் தெரிந்தது. சுத்தியலைப் போட்டான், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது. உண்மை வெளிப்பட்டதும் வில்ஃபிரட் கீழே குதிக்கப் பார்க்கிறான். ஃபாதர் காலரைப் பிடித்து இழுத்து, அந்த வாசல் வழியாக வேண்டாம் என்று நிறுத்துகிறார். பிறகு, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், இறங்கிப் போ, நீ சுதந்திரமானவன் என்கிறார். படியிறங்கிய வில்ஃபிரட் நேரே இன்ஸ்பெக்டரிடம் போய், என் அண்ணனைக் கொன்றது நான், சரணடைகிறேன் என்கிறான்.

கதையில் போலீஸ் அங்கேயே நிற்கிறது, தண்டனையும் வரத்தான் போகிறது. ஃபாதர் செய்ததெல்லாம் அவனைத் தன் காலில் நடந்துபோக விட்டதுதான். ஆதியாகமத்தில் கர்த்தர் காயீனிடம் 'உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே' என்று கேட்கிறாரே, தெரியாமலா கேட்டார்? அவனாக வாயைத் திறக்க ஒரு இடம் கொடுத்தார். 'என் சகோதரனுக்கு நான் காவலாளியோ' என்று காயீன் அதை வீணடித்தான். வில்ஃபிரட் வீணடிக்கவில்லை. துப்பறியும் கதையில் கடைசிப் பக்கத்தில் வரும் 'நீதான் கொலைகாரன்' என்பது செஸ்டர்டனுக்குப் பாதி வழி மட்டும்தான். 'நான்தான்' என்று அவன் சொல்லும்போதுதான் கதை முடிகிறது.

அவன் சரணடையாம ஓடியிருந்தா?

நல்ல கேள்வி. ஃபாதரும் கண்ணை மூடிக்கொண்டு விடவில்லை. கொல்லன்மேலோ அவன் மனைவிமேலோ பழியைத் திருப்புவது சுலபமாக இருந்தபோதும் வில்ஃபிரட் அதைச் செய்யவில்லை. மனவளர்ச்சி குன்றிய ஒருவனைக் காட்டினான், அவனைச் சட்டம் தண்டிக்காது என்று தெரிந்துதான். அந்தச் சின்னக் கூச்சத்தை ஃபாதர் கவனித்துவைத்து, அதை நம்பித்தான் விட்டார். ஆனாலும் அது சூதாட்டம்தான், மறுக்கவில்லை. இன்னொரு கதையில் பனி மூடிய குன்றுகளில் ஒரு கொலைகாரனோடு மணிக்கணக்காக நடக்கிறார். என்ன பேசினார்கள், அவன் என்ன ஆனான், ஒன்றும் நமக்குச் சொல்லப்படுவதில்லை.

எல்லாரும் மனம் திரும்புவதும் இல்லை. முதல் தொகுப்பின் இரண்டாவது கதையில் பாரிஸ் போலீஸ் தலைவர் வாலன்டினே கொலைகாரர். திருச்சபைமேல் இருந்த வெறுப்பில், அதற்குச் சொத்தை எழுதிவைக்கப் போன பணக்காரரைக் கொல்கிறார். கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறார். திருடன் ஃபிளாம்போவோ மூன்று கதைகளில் பிடிவாதமாகத் திருடி, மனம் மாறி, ஃபாதரின் நண்பனாகிறான். சட்டத்தின் தலைவர் கெட்டுப்போக, திருடன் தேறுகிறான். செஸ்டர்டனுக்கு இப்படித் தலைகீழாகப் போடுவதில் ஒரு குஷி.

பாவசங்கீர்த்தனத்துல கொலையைச் சொன்னா நிஜமாவே ஃபாதர் போலீசுக்குச் சொல்ல மாட்டாரா?

கத்தோலிக்கக் குரு சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. 1215இல் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கமே இதை விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தில் 983ஆம் பிரிவு. நேரடியாக வெளியிட்டால் குரு அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஆவார். இதனால் அவரே சிக்கலில் மாட்டலாம். ஹிட்ச்காக்கின் 1953ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் கொலைகாரன் ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறான். பிறகு அந்தக் குருமேலேயே கொலைப்பழி விழுகிறது. வாயைத் திறந்தால் தப்பிக்கலாம். அவர் திறப்பதில்லை.

ஆனால் 'கொன்றுவிட்டு ஃபாதரிடம் சொன்னால் கணக்கு முடிந்தது' என்று இல்லை. உண்மையான மனத்துயர் வேண்டும், செய்த கேட்டைச் சரிசெய்ய வேண்டும். தன் குற்றத்துக்காக வேறொருவன் சிறையில் இருக்க, மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று வீட்டில் சாய்ந்து உட்கார முடியாது. மேலே சொன்ன கோபுரக் கதையில் வில்ஃபிரட் கத்தோலிக்கனே இல்லை, முறையான சங்கீர்த்தனமும் நடக்கவில்லை. ஃபாதர் தாமாகவே அந்த ரகசியக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்கிறார்.

கொலைகாரனோட ஆத்துமா, ஆத்துமான்னே பேசுறீங்க. செத்தவனுக்கு யார் பேசறது?

இதைக் கேட்டவர் எங்கள் குழுவில் ஓர் அம்மா, தன் அண்ணனை ஒரு தகராறில் பறிகொடுத்தவர். அன்றைக்கு யாருக்கும் உடனே பதில் வரவில்லை.

பைபிள் செத்தவரை மறப்பதில்லை. 'உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது' என்பதுதான் காயீனுக்கு வந்த குற்றப்பத்திரிகை. உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் அதைவிடப் பிடித்த பகுதி ஒன்று எனக்கு உண்டு. வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை. என்ன செய்வது? மூப்பர்கள் வந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரத்தை அளக்க வேண்டும். எந்த ஊர் கிட்டத்திலோ அந்த ஊர் மூப்பர்கள், நுகத்தில் பூட்டாத ஒரு கிடாரியை ஓடைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கழுத்தை முறித்து, அதன்மேல் கைகழுவி, 'எங்கள் கைகள் அந்த இரத்தத்தைச் சிந்தினதும் இல்லை, எங்கள் கண்கள் அதைக் கண்டதும் இல்லை' என்று சொல்ல வேண்டும். துப்புத் துலங்காத கொலையையும் 'கோப்பை மூடு' என்று விட முடியாது, ஊரே பொறுப்பு.

நேர்மையாகச் சொன்னால், இந்த இடத்தில் செஸ்டர்டன் கொஞ்சம் மெலிவு. நார்மன் போஹன் கெட்டவன்தான், ஆனால் அவன் சாவுக்குக் கதையில் யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. அந்த அம்மா சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கிறிஸ்தவன்னா எல்லாத்தையும் மன்னிச்சுடணும்தானே?

இதற்கென்றே ஒரு கதை இருக்கிறது. ஒரு பிரபு பல வருடங்களாக அரண்மனைக்குள் அடைந்து கிடக்கிறார். இளமையில் ஒரு துப்பாக்கிச் சண்டையில், தன்னோடு வளர்ந்த உறவினனைக் கொன்ற துக்கம் என்கிறார்கள். பெரிய மனிதர்கள் நாலு பேர், 'எவ்வளவோ காலமாகிவிட்டது, மன்னித்து வெளியே கொண்டுவரக் கூடாதா? பாதிரிமார்தான் அவரைக் கெடுக்கிறார்கள்' என்று ஃபாதர் பிரவுனிடம் சண்டை போடுகிறார்கள். பிறகு உண்மை தெரிகிறது: உள்ளே இருப்பவன் அந்த உறவினன். குண்டடி பட்டதுபோல் விழுந்து நடித்து, பதறி ஓடிவந்தவனைச் சுட்டுக் கொன்று, அவன் பெயரிலேயே வாழ்கிறான். உடனே அந்தப் பெரிய மனிதர்கள் முகம் சுளித்து ஒதுங்குகிறார்கள்.

ஃபாதர் சொல்வதன் சாரம்: உங்களுக்குப் பாவமாகத் தெரியாததைத்தான் நீங்கள் மன்னித்தீர்கள், அது மன்னிப்பே இல்லை. மன்னிக்க முடியாததை மன்னிப்பதுதான் எங்கள் வேலை. இதில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. 'பரவாயில்லை விடு' என்பது மன்னிப்பு இல்லை. குற்றத்தைக் குற்றமென்று முழுசாகச் சொன்ன பிறகுதான் மன்னிப்பு என்ற பேச்சே. இன்னொன்று, மன்னிக்கும் உரிமை முதலில் இழந்தவர்களுக்கு. முந்தைய கேள்வியைக் கேட்ட அம்மாவிடம் போய் 'மன்னிச்சுடுங்க' என்று உபதேசம் செய்ய எனக்கு எந்த உரிமையும் கிடையாது.

கோர்ட் விட்டுவிட்டவனை நாமே தண்டிச்சா தப்பா?

இதைக் கேட்கிறவர்கள் மனதில் இருப்பது அகதா கிறிஸ்டியின் 1934ஆம் ஆண்டு ரயில் நாவல். ஒரு குழந்தையைக் கடத்திக் கொன்றவன், பணத்தால் சட்டத்திடம் தப்பியவன். அவனைப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு குத்தாகக் குத்துகிறார்கள். துப்பறியும் புவாரோ ஒரு கத்தோலிக்கர். ஆனாலும் உண்மையோடு ஒரு பொய்க் கதையையும் தயாரித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பொய் போலீசுக்குப் போகட்டும் என்று விலகிக்கொள்கிறார். நாவலில் அவர் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. 2010இல் வந்த தொலைக்காட்சி வடிவத்திலோ செபமாலையைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார். எனக்கு இந்தத் தவிப்புத்தான் நியாயமாகப் படுகிறது.

பன்னிரண்டு என்பது ஜூரியின் எண்ணிக்கை, தெரிந்தே வைத்தது. ஆனால் ஜூரி என்றால் எதிர்த்தரப்பையும் கேட்கும். இவர்களே வாதி, சாட்சி, நீதிபதி, தூக்குப் போடுகிறவர். இழந்தவர்களின் வலி உண்மை, அதற்கு எனக்குக் கண்ணீர் வருகிறது. ஆனாலும் 'பழிவாங்குதல் எனக்குரியது' என்று ரோமர் நிருபத்தில் இருப்பதைச் சுற்றிக்கொண்டு போக எனக்கு வழி தெரியவில்லை. வில்ஃபிரடும் கோபுரத்தில் நின்று இதையேதான் நினைத்தான்: கெட்டவன், செத்தால் ஊருக்கு நல்லது.

'மனுஷன் இரத்தத்தைச் சிந்தினவன் இரத்தம் சிந்தப்படும்'னு பைபிள்லயே இருக்கே. அப்போ தூக்கு சரிதானே?

ஆதியாகமம் ஒன்பதில் இருக்கிறது. நாலில் வேறு இருக்கிறது: முதல் கொலைகாரனை யாரும் கொன்றுபோடாதபடி கர்த்தர் அவன்மேல் ஓர் அடையாளம் போட்டார். கிறிஸ்தவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாக விவாதிக்கிறார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 2018இல் திருத்தப்பட்டு, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று இப்போது சொல்கிறது. பல சபைகள் இதை ஏற்பதில்லை.

பழைய துப்பறியும் நாவல்கள் தூக்குமேடைக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளும். சேயர்ஸ் நிறுத்தவில்லை. 1937இல் வந்த நாவலில் அவருடைய துப்பறிவாளர் தான் பிடித்துக்கொடுத்த கொலைகாரனுக்கே நல்ல வக்கீல் வைத்துக் கொடுக்கிறார். தூக்கு நிறைவேறும் காலையில் மனைவியின் மடியில் அழுகிறார். பிறகு நிஜத்திலும் ஒன்று நடந்தது. 1950இல் லண்டனில் திமோதி எவன்ஸ் என்பவரைத் தன் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிட்டார்கள். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி, அதே கட்டடத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று வருடம் கழித்துத்தான் அந்தச் சாட்சி பல பெண்களைக் கொன்றவன் என்று தெரியவந்தது. எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு வழங்கினார்கள், செத்துப் பதினாறு வருடம் கழித்து. பக்கத்தில் ஒரு தானியேல் இல்லாமல் போய்விட்டான்.

செஸ்டர்டன் இந்தியர்களை மட்டமா எழுதியிருக்காரே, அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

சொல்கிறேன். முதல் தொகுப்பிலேயே ஒரு கதையில் இந்து யோகி ஒருவர் வருகிறார். அவரைப் பற்றிய வருணனையும், கீழைநாட்டுக் கலை பற்றி ஃபாதர் பிரவுன் பேசுவதும் எரிச்சலூட்டும். கறுப்பின மக்களையும் யூதர்களையும் பற்றி எழுதியவை இன்னும் மோசம். 'அந்தக் காலம் அப்படி' என்று நான் சப்பைக்கட்டுக் கட்டப் போவதில்லை. எல்லாருக்குள்ளும் போய்ப் பார்க்கிறவர் என்று நாலாவது பதிலில் சொன்னேனே, சிலர் விஷயத்தில் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தக் கதையில் கொலை செய்தவர் யோகி இல்லை, ஆங்கிலேய டாக்டர்தான் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

கடைசியா ஒண்ணு. ஊருக்கே தெரியாத ஒரு பெரிய மனுஷனோட குற்றத்தை ஃபாதர் பிரவுன் மறைச்சுடறாரே, அது பொய்க்குத் துணைபோறது இல்லையா?

உடைந்த வாள் கதையைக் கேட்கிறீர்கள். ஜெனரல் செயின்ட் கிளேருக்கு நாடெங்கும் சிலைகள், தியாகி என்று பெயர். உண்மையில் அவர் துரோகி. தன் குட்டு தெரிந்த ஓர் அதிகாரியைக் கொன்றுவிட்டு, ஒரு பிணத்தை மறைக்கப் பல பிணங்கள் வேண்டுமே என்று, தோற்கும் என்று தெரிந்த போருக்குத் தன் படையையே அனுப்பினார். தினமும் பைபிள் படித்தவர் வேறு. தனக்கு வேண்டியதை மட்டும் அதில் பொறுக்கிக்கொண்டவர். மிஞ்சிய வீரர்கள் அவரைத் தூக்கிலிட்டுவிட்டு, வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்த ஃபாதர் ஒரு கோடு போடுகிறார்: நிரபராதி எவன்மேலாவது பழி விழுந்தால் பேசுவேன், அயோக்கியனுக்குப் புகழ் கிடைப்பது மட்டும்தான் என்றால் பேச மாட்டேன். நானும் ரொம்ப நாள் இதை ஒப்புக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை. அந்தச் சேற்றில் செத்த வீரர்களின் தாய்மார், பிள்ளையைக் கொன்றவனின் சிலைக்கு மாலை போட்டுக்கொண்டிருப்பார்களே. ஆபேலின் இரத்தம் கூப்பிடுகிறது என்று மேலே எழுதிவிட்டு, இங்கே வாயை மூடு என்று எப்படிச் சொல்வது? எங்கள் குழுவில் பாதிப் பேர் இன்னும் ஃபாதர் பக்கம். அண்ணனை இழந்த அந்த அம்மாவும் அவர் பக்கம்தான். ஏன் என்று கேட்டேன். 'செத்தவன் வீரனா செத்தான்னு நம்பறதையும் அந்தத் தாய்கிட்ட இருந்து பிடுங்கணுமா தம்பி?' என்றார். அடுத்த மாதம் அந்தக் கதையை மறுபடி வாசிக்கிறோம்.